மாமா சொல்லும் ரோபோட் பட்டம் வேண்டாம்

அம்மா, போன ஞாயிற்றுக்கிழமை பாடாங் செராய் கோவில் மண்டபத்தில், உங்கள் மகளை ரோபோட்டிக்ஸ் படிக்க அனுப்பலாமா என்று நீங்கள் கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மனித உருவ ரோபோட் வந்துவிட்டது, இனி ஃபேக்டரியில் ஆளே தேவைப்படாது, பிள்ளையை உடனே கோலாலம்பூரில் ரோபோட்டிக்ஸ் பட்டத்துக்கு அனுப்பு என்கிறார் உங்கள் தம்பி. பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் நினைத்தேன். அந்தத் தனியார் கல்லூரியின் கட்டணத் தாளைப் பார்த்தபிறகு மனசு கேட்கவில்லை. மொத்தம் 80,000 ரிங்கிட். பாதி பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன், மீதி அவள் அப்பாவின் இபிஎஃப் ஓய்வுகாலச் சேமிப்பு. இதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

2025 ஏப்ரலில் பெய்ஜிங்கில் ரோபோட்டுகளை 21 கிலோமீட்டர் ஓடவிட்டார்கள். ஜெயித்த ரோபோட்டுக்கு 2 மணி 40 நிமிடம் ஆனது. வழியில் மூன்று முறை பேட்டரி மாற்றினார்கள். கூடவே மனிதர்களும் ஓடினார்கள். வேகம் வருஷா வருஷம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் வேலை என்று வந்தால்? அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு கிடங்கில் 2024 முதல் டிஜிட் என்ற ரோபோட் சம்பளத்துக்கு வைத்த ஆள்போல வேலை செய்கிறது. சமதரையில் பிளாஸ்டிக் கூடையைத் தூக்கி கன்வேயரில், அதாவது நகரும் பட்டையில், வைப்பதுதான் அதன் வேலை. தூக்கக்கூடியது 16 கிலோ. உங்கள் வீட்டுக்காரர் மழை ஈரத்தில், மேட்டிலும் பள்ளத்திலும் நின்று நீளக் கழி அரிவாளால் வெட்டித் தள்ளும் செம்பனைக் குலை பல நேரம் அதைவிடக் கனம்.

ஃபேக்டரிகளில் பெரும்பாலும் ஓடுவது தரையில் திருகி நிறுத்திய ரோபோட் கைகள், கன்வேயர், சக்கர வண்டி. கால் முளைத்த ரோபோட் நாளை வந்தாலும் உள்ளே இருப்பது அதே மோட்டார், கியர், சென்சார், பேட்டரிதான். தேய்ந்தால் ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். அந்த ஒருவராக அவளை ஆக்க கோலாலம்பூர் போக வேண்டாம். கூலிமில் அட்டெக் இருக்கிறது. இயந்திரமும் மின்னணுவும் சேர்ந்த மெக்கட்ரோனிக் பிரிவைக் கேளுங்கள். அரசாங்கப் பயிற்சி நிலையம், கட்டணம் மிகக் குறைவு, விடுதி உண்டு. தேவைப்பட்டால் திறன் பயிற்சிக்கு அரசாங்கம் தரும் பிடிபிகே கடன் கேட்கலாம்.

பட்டறையில் நாள் எப்படிப் போகும் தெரியுமா? மெஷினை இயக்கும் சிறு கணினியான பிஎல்சி பெட்டிக்கு வயர் இழுப்பாள், ஏணிபோல் வரைந்த நிரலை எழுதி ஓட்டிப் பார்ப்பாள். காற்றழுத்த சிலிண்டர் கசிவதைக் காதாலேயே கண்டுபிடிப்பாள். சொன்ன இடத்தில் துல்லியமாக நிற்க வேண்டிய சர்வோ மோட்டார் அப்படி நிற்காவிட்டால், கோளாறு சுழற்சியை அளக்கும் என்கோடரிலா, கியர் தேய்மானத்திலா என்று, நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ் வைத்து அளப்பாள். மலேசியத் திறன் சான்றிதழ் 3-ஆம் நிலை முடித்தால் வேலைக்குப் போகலாம். 4-ஆம் நிலை டிப்ளோமா, 5-ஆம் நிலை உயர் டிப்ளோமா. அதற்குமேல் பட்டம் வேண்டுமென்றால் பெர்லிஸ் யுனிமாப் உட்பட நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அப்போது இபிஎஃப் பக்கம் போகாமல் அவள் சொந்தச் சம்பளத்தில் படிக்கலாம்.

"பொம்பளைப் பிள்ளைக்குப் பட்டறை வேலையா?" என்று உங்கள் நாத்தனார் கேட்டதாகச் சொன்னீர்கள். பிள்ளையை யாராவது கேட்டார்களா? துணி துவைக்கும் மெஷின் நின்றபோது அவளே கழற்றி, பம்புக்குள் சிக்கியிருந்த 50 சென் காசை எடுத்தாளே, அன்று நான் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். பழைய காலண்டர் தாளில் ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையில் அடுக்கி, பக்கத்தில் எண் எழுதி வைத்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காத பழக்கம் அது. மூன்று வருஷம் அவளை ஸ்லைடு பார்க்க உட்காரவைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

புதன்கிழமை எனக்கு ஓய்வு. காலை எட்டரைக்கு நானே வந்து கூட்டிப்போகிறேன், பட்டறையை நேரில் பார்க்கட்டும். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழ், அடையாள அட்டை நகல் எடுத்துவையுங்கள். உங்கள் தம்பியும் வரலாம். அதுவரை கல்லூரிக்கு முன்பணம் என்று ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.