கணினிக் கேள்வி பதில்

கேள்வி: தோவாளைச் சந்தைப் பூ விலையைத் தினமும் மார்க்டவுனில் (எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறை) எழுதி, பைத்தான்-மார்க்டவுன் என்ற நிரல் லைப்ரரியால் இணையப் பக்கத்துக்கான ஹெச்.டி.எம்.எல். ஆக்குகிறேன். வரிவரியாக எழுதிய பிச்சியும் அரளியும் சம்பங்கியும் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்கின்றன. அட்டவணை போட்டால் வெறும் குத்துக்கோடுகள்தான் வருகின்றன. லைப்ரரியில் கோளாறா?
- வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: லைப்ரரி மேல் பழி போடாதீர்கள். 2004-இல் ஜான் குரூபர் மார்க்டவுனை வெளியிட்டபோதே இருந்த விதிதான் இது: இடையில் ஒரு வெற்று வரி விட்டால்தான் புதுப் பத்தி. வெறும் என்டருக்கு மதிப்பில்லை. வரி முறிய வேண்டுமென்றால், 'பிச்சி' வரியின் கடைசியில் இரண்டு ஸ்பேஸ் தட்டிவிட்டு என்டர் அழுத்துங்கள். கண்ணுக்கே தெரியாத அடையாளத்தை விதியாக வைத்தவரை நானும் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். விடியுமுன் விலை எழுதுகிற உங்களுக்கு அது ஒத்துவராது. லைப்ரரியின் கூடுதல் வசதியான 'என்எல்2பிஆர்' (nl2br) என்ற நீட்சியைச் சேர்த்தால் ஒவ்வொரு என்டரும் வரிமுறிவாகிவிடும்.

அட்டவணை குரூபரின் மூல விதிகளிலேயே கிடையாது. அதற்கான 'டேபிள்ஸ்' (tables) நீட்சி லைப்ரரியோடுதான் வருகிறது, ஆனால் மாற்றும் கட்டளையில் அதன் பெயரைக் குறிப்பிட்டால்தான் வேலை செய்யும். தலைப்பு வரிக்குக் கீழே சிறுகோடுகளாலான வரியும், அட்டவணைக்கு மேலே ஒரு வெற்று வரியும் கட்டாயம்.

வியாபாரிகள் அனுப்புவதையும் அப்படியே சேர்ப்பதாக இருந்தால் கவனம்: உரைக்குள் இருக்கும் ஹெச்.டி.எம்.எல்.லை இந்த லைப்ரரி வடிகட்டாது. வேண்டாதது பக்கத்தில் நுழையாமல் வடிகட்டத் தனி நிரல் வைத்துக்கொள்ளுங்கள்.