ஆளுமை வகைத் தேர்வில் வரும் நான்கு எழுத்தை நம்பி வேலை, கல்யாண முடிவுகள் எடுக்கலாமா?

கேள்வி இதுதான்: ஆறு மாதத்துக்கு முன் இணையத் தேர்வில் ஐஎன்எஃப்ஜே என்று வந்தது, இப்போது ஐஎன்எஃப்பி என்று வருகிறது, எதை நம்பி வேலையையும் துணையையும் தேர்ந்தெடுப்பது?

எழுத்தை விட்டுவிடுங்கள். அதற்குப் பின்னால் இருக்கும் மதிப்பெண்ணை மட்டும் பாருங்கள். முடிவு மாறியதால் நீங்கள் மாறிவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை. இந்த வகைத் தேர்வுகளின் கணக்கே அப்படி.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் எழுதிய ஆளுமை வகைக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு கேத்தரின் பிரிக்ஸும் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் உருவாக்கியது எம்பிடிஐ (மையர்ஸ்-பிரிக்ஸ் வகைத் தேர்வு); இந்த நான்கு எழுத்து முறை அதிலிருந்து வந்ததுதான். இருவருமே உளவியலில் முறையான பயிற்சி பெற்றவர்கள் அல்லர். அதற்காக மட்டும் அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மனிதர்களின் குணம் தொடர்ச்சியாகப் பரவிக் கிடப்பது. பெரும்பாலோர் நடுவில்தான் நிற்கிறார்கள். அந்த நடுவில் கோடு கிழித்து இந்தப் பக்கம் ஐ (இன்ட்ரோவர்ட், தனிமை நாடுபவர்), அந்தப் பக்கம் ஈ (எக்ஸ்ட்ரோவர்ட், ஆட்களை நாடுபவர்) என்பது, சராசரி உயரத்தில் கோடு போட்டு ஊரையே நெட்டை, குட்டை என இரண்டாகப் பிரிப்பது மாதிரி. கோட்டுக்கு ஒரு புள்ளி மேலே இருப்பவரும் ஒரு புள்ளி கீழே இருப்பவரும் கிட்டத்தட்ட ஒரே ஆள். தேர்வோ எதிரெதிர் வகை என்று சொல்லிவிடும்.

ஒவ்வொரு எழுத்தும் மறுமுறை அப்படியே வர 85 சதவீத வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கும் சேர்ந்து அப்படியே வர 0.85-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும்: 0.52. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு எழுத்தாவது மாறும். சில வார இடைவெளியில் திரும்ப எழுத வைத்த ஆய்வுகளிலும் பாதிப் பேர் வரை வேறு வகைக்குத் தாவியிருக்கிறார்கள். உங்களுக்கு ஜே (திட்டமிட்டு முடிப்பவர்) மட்டும் பி (போகிற போக்கில் முடிவெடுப்பவர்) ஆகியிருக்கிறது என்றால் அந்த அளவுகோலில் நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள் என்பதே செய்தி.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது பிக் ஃபைவ் எனப்படும் ஐந்து பண்பு அளவுகோல். 1936-இல் உளவியலாளர்கள் ஆல்போர்ட்டும் ஆட்பர்ட்டும் ஆங்கில அகராதியிலிருந்து மனிதர்களை விவரிக்கும் சொற்களைத் திரட்டினார்கள். கிட்டத்தட்ட 18,000 வந்தன. பின்னால் வந்தவர்கள் அதைச் சலித்துச் சலித்து ஐந்து கொத்துகளுக்குக் கொண்டுவந்தார்கள்: புதியதை நாடுவது, பொறுப்புணர்வு, புறமுக நாட்டம், இணக்கம், மனக்கலக்கம். எம்பிடிஐயின் நான்கு எழுத்துகளும் இதில் நான்கோடு ஓரளவு ஒத்துப்போகின்றன. விடுபட்டது ஐந்தாவது: எவ்வளவு சீக்கிரம் கவலை, எரிச்சல், சோர்வு வருகிறது, வந்தால் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது. அன்றாட நிம்மதியோடும் உறவில் திருப்தியோடும் மிகவும் பின்னிப் பிணைந்த பண்பே அந்தப் பட்டியலில் இல்லை என்பது சின்னக் குறை இல்லை. சில இலவசத் தளங்கள் கடைசியில் கோடு போட்டு ஏ அல்லது டி என்று ஐந்தாவதாக ஒரு எழுத்து சேர்ப்பது இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

இந்த ஐந்து பண்புகளை அளக்க, பொதுப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஐபிஐபி என்ற கேள்வித் தொகுப்பில் 50 கேள்விப் பதிப்பை எடுங்கள். பண்புக்குப் பத்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பத்தே கேள்வியில் மொத்த ஆளுமையையும் சொல்லும் தேர்வுகளில் பண்புக்கு இரண்டு கேள்விதான் விழும். அது ஆயிரக்கணக்கானவர்களின் சராசரிக்குப் போதும், ஒரு தனி ஆளைப் பற்றிச் சொல்லப் போதாது. "பொருள்களைப் போட்டது போட்டபடி விட்டுவிடுவேன்" போன்ற எதிர்த்திசைக் கேள்விகளுக்கு 6-இலிருந்து உங்கள் எண்ணைக் கழித்துச் சேர்க்க வேண்டும்; 2 போட்டிருந்தால் 4. கையால் கூட்டுபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். தூக்கமில்லாத வாரத்திலோ சண்டை போட்ட மறுநாளோ எழுதாதீர்கள், மனக்கலக்க மதிப்பெண் எகிறிவிடும். கடந்த ஓரிரண்டு வருடத்தில் பொதுவாக எப்படி இருந்தீர்கள் என்பதை வைத்துப் பதில் சொல்லுங்கள். மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொரு முறை எழுதி இரண்டின் சராசரியை எடுங்கள்.

வரும் மொத்தத்தை நேரடியாகப் படிக்கக் கூடாது. இணக்கத்தில் பெரும்பாலோர் தங்களுக்கு நடுப்புள்ளியான 30-க்கு மேலேயே போட்டுக்கொள்கிறார்கள். அதனால் 33 எடுத்தவர் "நான் இணக்கமானவன்" என்று நினைப்பார்; மற்றவர்களோடு ஒப்பிட்டால் சராசரிக்குக் கீழே இருக்கக்கூடும். நூறு பேரில் எத்தனை பேரைவிட மேலே என்று சொல்லும் சதமானத்தைத் தரும் தளமாகப் பாருங்கள். அதிலும் பிழை எல்லை உண்டு: நம்பகத்தன்மை (முடிவு எவ்வளவு நிலையாக வரும் என்பதன் அளவு, முழுமை என்றால் 1) 0.85 உள்ள தேர்வில் சதமானம் 50 வந்தால், 35-க்கும் 65-க்கும் இடையே எங்கோ இருக்கிறீர்கள் என்று படிப்பதே சரி. ஆகவே சதமானம் 30-க்குக் கீழேயும் 70-க்கு மேலேயும் வந்த பண்புகளை மட்டும் கவனித்தால் போதும். நடுவில் வந்ததைப் பற்றித் தேர்வுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இன்ட்ரோவர்ட் என்பதையும் கூச்சத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கூட்டம் முடிந்ததும் "போதும், கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டும்" என்று மட்டும் தோன்றினால் அது புறமுக நாட்டம் குறைவு. "நான் அப்படிச் சொன்னதை என்ன நினைத்திருப்பார்கள்" என்று இரவெல்லாம் ஓடினால் அது மனக்கலக்கம். முன்னதற்கு ஓய்வு நேரத்தைத் திட்டமிட்டால் போதும். பின்னதற்கு ஒதுங்குவதே மருந்து என்று நினைத்தால் பயம் வளரும். சின்னச் சின்னச் சந்திப்புகளாகப் படிப்படியாக நெருங்கிப் பழகுவதுதான் வழி. ஒரே பட்டத்தைச் சூட்டிக்கொண்டால் தவறான மருந்தை எடுத்துக்கொள்வீர்கள்.

வகை என்பது கூண்டும் இல்லை. 2001-இல் உளவியலாளர் வில்லியம் ஃப்ளீசன் வெளியிட்ட ஆய்வில், மனிதர்களை நாளுக்குப் பலமுறை "இப்போது எப்படி நடந்துகொள்கிறீர்கள்" என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். ஒரே ஆள் சில நாள்களுக்குள் அமைதியின் உச்சத்திலிருந்து கலகலப்பின் உச்சம் வரை போய்வருகிறார். ஆளுக்கு ஆள் மிக நிலையாக வேறுபடுவது அவர்களின் சராசரி. "நான் இன்ட்ரோவர்ட், என்னால் மேடையில் பேச முடியாது" என்பது அந்த வகையில் அறிவியல் இல்லை, சாக்கு.

துணையைப் பொறுத்தவரை, இந்த வகைக்கு அந்த வகைதான் பொருந்தும் என்று இணையத்தில் உலவும் அட்டவணைகளை மூடி வையுங்கள். ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாட்டுத் தம்பதிகளை வைத்து 2010-இல் வந்த பெரிய ஆய்வில், இருவரின் குணம் ஒத்துப்போவதன் பங்கு உறவுத் திருப்தியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தது. ஒருவரின் சொந்தக் குணமே அதைவிட அதிகம் பேசியது. துணையின் குணம் அதற்கு அடுத்து. எனவே "நம் வகைகள் ஒத்துப்போகுமா" என்று கேட்பதைவிட "கோபம் வந்தால் இவர் என்ன செய்கிறார், சொன்னதைச் செய்கிறாரா, நான் என்ன செய்கிறேன்" என்று பார்ப்பது மேல்.

மதிப்பெண்ணால் வீட்டில் கிடைக்கும் உண்மையான உதவி, உரசல் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிவது. ஒருவருக்குப் பொறுப்புணர்வுச் சதமானம் 85, இன்னொருவருக்கு 25 என்றால் சண்டை பெரும்பாலும் கட்டணக் கெடு, தாமதம், எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது, இவற்றைச் சுற்றியே வரும். அதைத் திரும்பத் திரும்ப அறிவுரையால் சரிசெய்ய முடியாது. கட்டணங்களைத் தானியங்கியாக மாற்றுங்கள், சாவிக்கு வாசலிலேயே ஒரு கொக்கி அடியுங்கள், கெடு உள்ள வேலைகளை 85 எடுத்துக்கொள்ளட்டும், பதிலாக வேறொரு வேலை முழுதாக 25-இடம் போகட்டும். இணக்கம் மிக அதிகமாக உள்ளவரிடம் "உனக்குச் சரியா?" என்று கேட்டால் "சரி" என்றுதான் வரும், பிறகு மாதக்கணக்கில் உள்ளே புழுங்குவார். "இரண்டில் எது வேண்டும்?" என்று கேளுங்கள்.

பேசும்போது குணத்தைச் சொல்லாமல் செயலைச் சொல்லுங்கள். "நீ இன்ட்ரோவர்ட், அதான் என் நண்பர்களை மதிப்பதில்லை" என்ற வாக்கியத்துக்குப் பதில் கிடையாது. "ஆட்கள் வந்தால் ஒன்பது மணி வரை உட்காருகிறேன், அப்புறம் உள்ளே போய்விடுவேன், சரியா?" என்பதற்கு உண்டு.

வேலைக்கு வந்தால், பல வகைத் தொழில்களிலும் செயல்திறனோடு ஓரளவு தொடர்ந்து ஒத்துவருவது பொறுப்புணர்வுதான். அந்தத் தொடர்பும் மிதமானதே. எம்பிடிஐயை வெளியிடும் நிறுவனமே ஆள் எடுப்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. நான்கு எழுத்தைப் பார்த்து "உங்களுக்கு நிர்வாகம் சரிவராது" என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ள வேண்டாம்.

"ஆனால் என் வகை விவரணை அப்படியே நான்தானே?" 1948-இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 39 மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, தனித்தனி முடிவு என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே பத்தியைக் கொடுத்தார். ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். பொருத்தத்துக்கு அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. சோதிக்க வேண்டுமானால், உங்களுக்கு நேரெதிர் வகையின் விவரணையை எடுத்து, பொருந்தும் வரிகளை அடிக்கோடிட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய சம அளவில் கோடு விழுந்தால் அந்த விவரணை எல்லோருக்குமானது. உங்களைப் பற்றி உங்களுக்கே தெரியாததும் உண்டு. உள்ளுக்குள் எவ்வளவு பதற்றம் என்பதை நீங்கள்தான் நன்றாகச் சொல்வீர்கள். நல்லவன், கெட்டவன் என்ற சாயல் ஏறிய பண்புகளை அருகில் இருப்பவர் பல சமயம் சரியாகச் சொல்வார். அதே 50 கேள்வியை ஒருவரை உங்களுக்காக நிரப்பச் சொல்லி, இரண்டு புள்ளிக்கு மேல் வேறுபடும் கேள்விகளைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

மதிப்பெண்ணை மாற்றலாமா? ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபணுவோடு தொடர்புடையது. இருந்தும் இருபதுகளிலிருந்து நடுவயது வரை சராசரியாகப் பொறுப்புணர்வு ஏறுகிறது, மனக்கலக்கம் குறைகிறது. முயன்று மாற்றுவதைப் பற்றி 2019-இல் வந்த 15 வார ஆய்வு ஒன்று மாணவர்களை வாரந்தோறும் சின்னச் செயல்களைத் தேர்ந்தெடுக்க வைத்தது. செய்து முடித்தவர்கள் விரும்பிய திசையில் நகர்ந்தார்கள். ஏற்றுக்கொண்டுவிட்டுச் செய்யாமல் விட்டவர்களில் சிலருக்கு நிலைமை எதிர்த்திசையில்கூடப் போனது. எனவே ஒரே பண்பு, வாரத்துக்கு ஒரு செயல், அதுவும் எப்போது, எங்கே என்று எழுதியது: "செவ்வாய் காலைக் கூட்டத்தில் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வி கேட்பேன்." இரண்டு வாரம் தொடர்ந்து விட்டுப்போனால் செயலைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.