ஒழுகி ஊறிப்போன ஜிப்சம் சீலிங்கை நாமே ஒட்டுப்போட முடியுமா?

கேள்வி: மழையில் ஒழுகி, ஹாலில் போட்ட ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் பழுப்புக் கறை பிடித்து ஓரிடத்தில் தொங்குகிறது. ஆள் வைக்காமல் நாமே சரிசெய்யலாமா?

செய்யலாம். நான் இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை செய்தது தண்டம்.

எங்கள் வீடு சேலம் கன்னங்குறிச்சியில். ஐப்பசி மழையில் சீலிங் பானை வயிறு மாதிரி உப்பிவிட்டது. அடுத்த ஞாயிறே அந்த இடத்தை அறுத்தெடுத்துப் புதுத்துண்டு வைத்து, வால் பட்டி (சுவரில் பூசும் மாவு) பார்த்து, பெயின்ட்டும் அடித்தேன். பத்தே நாளில் அதே இடத்தில் டீ சிந்தினாற்போல வட்டம். "வர்றவங்க எல்லாம் மூஞ்சியப் பாக்காம மேலயே பாக்குறாங்கடா" என்றார் அம்மா.

ஒழுகுவது எங்கே என்று பார்க்காமல் ஒட்டியதுதான் தப்பு. மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாயைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி ஒரு நாள் விட்டேன். கீழே ஒரு சொட்டு இல்லை. துணியை உருவிய கொஞ்ச நேரத்தில் டப் டப்பென்று விழ ஆரம்பித்தது. ஆக, தளத்தில் குறை இல்லை. சீலிங்குக்குள் மறைந்து ஓடும் குழாயின் எல்போ (வளைவு இணைப்பு) விட்டிருக்கிறது. அதை பிளம்பர் ஒரு மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார்.

உப்பிய இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால், முதலில் அந்தப் பக்க லைட்டுக்கு எம்சிபியை (மின் பெட்டியில் உள்ள சுவிட்சை) இறக்கிவிட்டு, கீழே பக்கெட் வைத்து ஸ்குரூடிரைவரால் ஒரு குத்து. அப்புறம் கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்து கறை மட்டும் என்றால் அறுக்கவே வேண்டாம். காய்ந்ததும் ஆயில் பிரைமர் அடித்துவிட்டு பெயின்ட் அடிக்கலாம். நேரடியாக எமல்ஷன் பெயின்ட் அடித்தால் கறை அதையும் மீறி வெளியே வரும். விரல் அமுங்கினாலோ, தாள் உரிந்து வந்தாலோ, கரும்புள்ளி பூசணம் இருந்தாலோ அறுத்துத்தான் ஆகவேண்டும். ஜிப்சம் போர்டின் பலமே இருபக்கத் தாளில்தான். தாள் விட்டுப்போனது எவ்வளவு காய்ந்தாலும் தேறாது.

ஈரமான ஜிப்சம் அறுக்கும்போது நனைந்த சாக்பீஸ் மாதிரி ரம்பத்தில் அப்பும். நன்கு காய்ந்தது மாவாக உதிரும். இரண்டாம் தடவை அறுத்த ஓட்டையை அப்படியே திறந்துபோட்டு, ஃபேன் ஓடவிட்டு, ஓரத்தைச் சுரண்டினால் மாவு உதிரும்வரை காத்திருந்தேன். பதினாறு நாள்.

அப்புறம் துண்டு வைப்பது ஒரு மதியவேலை. ஓட்டையைச் சதுரமாக்கி, உள்பக்கம் இரண்டு பிளைவுட் பட்டை வைத்துப் பழைய போர்டோடு திருகி, அதில் அதே 12.5 மி.மீ. துண்டைத் திருக வேண்டும். ஸ்குரூ தலை தாளைக் கிழிக்காமல் கொஞ்சம் உள்ளே இறங்கினால் போதும். இணைப்புக்கு வால் பட்டி கூடாது, வெடிக்கும். பேப்பர் டேப்பும் ஜாயின்டிங் காம்பவுண்டும் (போர்டு இணைப்புக்கான பசை) தான். ஒவ்வொரு கோட்டும் முந்தினதைவிட அகலமாக, மூன்று கோட்டு. எனக்கு ஒரு கோட்டு ஒரே நாளில் காய்ந்தது. ஏற்காட்டில் நண்பர் வீட்டில் பனிமூட்டத்தில் இரண்டரை நாள் ஆனது. ஈரம் தாங்கும் பச்சை போர்டு போட்டால் கவலையில்லை என்று கடையில் சொல்வார்கள். அது ஈரக்காற்றுக்குத் தாங்கும், ஒழுகினால் அதுவும் போச்சு.

தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நான் பிடிக்கவில்லை. சாயங்காலம் ஜன்னல் வெயில் விழும்போது ஒட்டின் ஒரு விளிம்பு இன்னும் தெரிகிறது, அம்மாவுக்கு மட்டும்.