வெள்ளையாக இருந்தால் ஆபத்தா? டாய்லெட் பேப்பர் பற்றிய உங்கள் கேள்விகள்

காகிதக் கூழ் வேதியியலிலேயே காலம் தள்ளியவன் நான். டாய்லெட் பேப்பரைப் பற்றிக் கேளுங்கள் என்றபோது நாலைந்து கேள்வி வரும் என்று நினைத்தேன். குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வெள்ளை வெளேரென்று இருக்கும் பேப்பரில் டையாக்சின் இருக்கிறது, புற்றுநோய் வரும் என்கிறார்களே?

இந்தப் பயம் சும்மா கிளம்பியதல்ல. மரக்கூழின் இயல்பான நிறம் பழுப்பு; லிக்னின் என்ற பொருள்தான் காரணம். ஒரு காலத்தில் குளோரின் வாயுவை நேரடியாகக் கூழுக்குள் செலுத்தி வெளுத்தார்கள். அந்தக் குளோரின் லிக்னினோடு ஒட்டிக்கொண்டு, பக்கவிளைவாக டையாக்சின்கள் உருவாயின. 1980களில் ஆலைக் கழிவுநீர் கலந்த ஆறுகளிலும் மீன்களிலும் அது தெரியவந்தபோது பெரிய பரபரப்பு. டையாக்சின்களிலேயே மோசமான டி.சி.டி.டி.யை 1997இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது.

அப்புறம் ஆலைகள் குளோரின் டை ஆக்சைடுக்கு மாறத் தொடங்கின. பெயரில் குளோரின் இருக்கிறதே என்று பதற வேண்டாம், வேலை செய்யும் விதம் வேறு. இது லிக்னினோடு ஒட்டுவதைவிட அதை ஆக்சிஜனேற்றி உடைப்பதே அதிகம். டையாக்சின் அளவு அதனால் பெருமளவு விழுந்தது. அமெரிக்காவில் 1998இல் வந்த விதிகளும் ஆலைகளை இந்தப் பக்கம் தள்ளின. உறையில் ‘இ.சி.எஃப்.’ என்று போட்டிருந்தால் இந்த முறை. ‘டி.சி.எஃப்.’ என்றால் குளோரின் சேர்மமே கிடையாது. ஆக்சிஜன், ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டும்.

நம் உடம்புக்குள் போகும் டையாக்சினில் 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியாக வருகிறது, முக்கியமாக இறைச்சி, பால் பொருள், மீன். துடைக்கும் காகிதத்தால் அல்ல. டி.சி.எஃப். கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், ஆற்றுக்கு நல்லது. உங்கள் தோலுக்காக என்றால், அது அவ்வளவு முக்கியமில்லை.

‘என்றும் அழியாத ரசாயனம்’ டாய்லெட் பேப்பரில் இருக்கிறதாம். ரோலையே தூக்கிப் போட்டுவிடட்டுமா?

வேண்டாம். நீங்கள் சொல்வது பி.எஃப்.ஏ.எஸ்., அதாவது எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்களின் கூட்டம். 2023இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல கண்டங்களில் விற்கும் ரோல்களைச் சோதித்தார்கள். அதிகம் தென்பட்டது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த 6:2 டைபாப் என்ற சேர்மம். கூழ் தயாரிக்கும்போது சில ஆலைகள் பயன்படுத்தும் துணைப்பொருளின் மிச்சமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அவர்கள் கேட்ட கேள்வி, இது சாக்கடைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது. அமெரிக்கா, கனடா கழிவுநீரில் உள்ள அந்தச் சேர்மத்தில் சுமார் 4 சதவீதமும், ஸ்வீடனில் 35 சதவீதமும், பிரான்ஸில் 89 சதவீதம் வரையும் டாய்லெட் பேப்பரால் வந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். தோல் வழியாக உடம்புக்குள் போகிறதா என்பது அந்த ஆய்வின் விஷயமே இல்லை. தலைப்புச் செய்தி போட்டவர்கள் பலருக்கு இந்த வித்தியாசம் பிடிபடவில்லை.

மறுசுழற்சி பேப்பர்தானே நல்லது?

மரத்துக்கு நல்லது. ஆனால் பழைய காகிதத்தோடு அதில் இருந்ததும் கூடவே வரும். கடை ரசீதை நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தில் அச்சாகும் காகிதம். அதன் பூச்சில் பி.பி.ஏ. இருக்கலாம்; பிஸ்ஃபீனால் ஏ என்ற, ஹார்மோன்களைக் குழப்பக்கூடிய ரசாயனம். அது கூழில் கலந்து, மிகச் சிறிய அளவில் ரோலுக்கும் வந்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் ரசீதுத் தாளில் பி.பி.ஏ.வை ஏறக்குறைய தடை செய்துவிட்டது. என்னைக் கேட்டால், ரோலைவிட அந்த ரசீதைக் கையில் கசக்கி வைத்திருப்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். ரசீதைப் பழைய காகிதக் கட்டில் சேர்க்காதீர்கள்.

அடிக்கடி அரிப்பு. பேப்பர் முரடாக இருக்கிறது என்று ஈரத் துடைப்பானுக்கு மாறினேன், இன்னும் மோசமாகிவிட்டது. ஏன்?

வந்த கேள்விகளிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். காய்ந்த காகிதத்தில் கிருமி வளராது. ஈரத்தை ஊற்றிப் பையில் அடைத்தால் வளரும். அதனால் வெட் வைப்ஸில் பதப்படுத்தும் பொருள் போட்டே ஆக வேண்டும். அதில் பேர் கெட்டது மெத்தில்ஐசோதயாசோலினோன். அமெரிக்கத் தொடு-ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013இல் இதைத்தான் ‘அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. கழுவாமல் அப்படியே விடும் அழகுசாதனங்களில் இதைப் போடக்கூடாது என்று ஐரோப்பா 2017இல் விதித்தது. வைப்ஸும் அந்த வகைதான்: துடைத்த பிறகு யாரும் கழுவுவதில்லை, அந்தப் பொருள் தோலிலேயே உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது சந்தேக நபர் வாசனை. ‘மணமற்றது’ என்று போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். மூலப்பொருள்களின் நாற்றத்தை மறைக்க ஒரு நறுமணப் பொருளைச் சேர்த்துவிட்டும் அப்படிப் போடலாம். ‘நறுமணப் பொருள் சேர்க்கப்படவில்லை’ என்ற வாசகத்தைத் தேடுங்கள்.

சரி, என்ன செய்வது? வைப்ஸை உடனே நிறுத்துங்கள். தண்ணீரால் கழுவி, சாயமும் வாசனையும் இல்லாத சாதாரணத் தாளால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், அழுத்தித் தேய்ப்பதே பாதி அரிப்புக்குக் காரணம். சோப்பும் வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் அடங்காவிட்டால், ரத்தம் தெரிந்தால், மருத்துவரிடம் போங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை தோல் மருத்துவர், சந்தேகப் பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ‘பேட்ச்’ சோதனையில் கண்டுபிடிப்பார்.

மூங்கில் பேப்பர், பழுப்பு நிற பேப்பர்: பாதுகாப்பானவையா?

பழுப்பு என்றால் பெரும்பாலும் வெளுக்கவில்லை என்று அர்த்தம். மூங்கில் என்றால் மூங்கில் என்று மட்டும்தான் அர்த்தம். அதையும் ரசாயனத்தில் வேகவைத்துத்தான் கூழாக்குகிறார்கள், வெளுக்கவும் செய்கிறார்கள். உறையில் இருக்கும் எஃப்.எஸ்.சி. முத்திரை, காட்டைப் பொறுப்பாகப் பராமரிப்பதற்கான சான்று; அது காட்டைப் பற்றிப் பேசுகிறது, ரசாயனத்தைப் பற்றி அல்ல. ரசாயனத்தையும் பார்ப்பவை நார்டிக் ஸ்வான், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈகோலேபிள் போன்ற சுற்றுச்சூழல் முத்திரைகள்.

டாய்லெட் பேப்பர் தீர்ந்தால் கிச்சன் டவலைப் பயன்படுத்தலாமா?

ஒரு மூடி போட்ட பாட்டிலில் தண்ணீர் ஊற்றி டாய்லெட் தாளைப் போட்டுக் குலுக்குங்கள், கஞ்சி மாதிரி கரையும். கிச்சன் டவலைப் போட்டால் துணிபோல முழுசாக நிற்கும். ஈரத்திலும் கிழியாமல் இருக்க அதில் பிசின் சேர்க்கிறார்கள். முன்பு பரவலாக இருந்தவை ஃபார்மால்டிஹைடு கலந்த பிசின்கள். இப்போது அதிகம் வேறு வகை. அவசரத்துக்குத் துடைக்கலாம், குழாயில் மட்டும் விடாதீர்கள். ‘ஃபிளஷ் செய்யலாம்’ என்று எழுதியிருக்கும் வைப்ஸையும் அதே பாட்டிலில் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் வீட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

தண்ணீர் பீய்ச்சும் குழாய். துடைக்க, பூப்படமும் வாசனையும் இல்லாத மலிவான ரோல்.