பார்ட்டி படகா, ஸ்நார்க்கல் படகா? அரூபா போகும் ஒரு குடும்பத்துக்கு

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். டிசம்பர் கடைசி வாரம் அரூபா போக டிக்கெட் போட்டாயிற்று. நாங்கள் இருவர், 14 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் 66 வயது மாமனார், கூடவே கணவரின் நண்பர் குடும்பம். பாட்டு, கேட்டபோதெல்லாம் மது ஊற்றும் ஓப்பன் பார், மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டி மிதந்தபடி மீன் பார்க்கும் ஸ்நார்க்கலிங் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த ஒரு பார்ட்டி படகை நண்பர்கள் பார்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கும் மாமனாருக்கும் நீச்சல் தெரியாது. மாமனார் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். ஆனாலும் கடலுக்குள் மீனைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். எந்தப் படகு எடுப்பது, எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: உங்கள் மாமனார் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. முதல் முறை கடலில் இறங்குபவர்களைக் கூட்டிக்கொண்டு போவதுதான் பத்து வருடங்களுக்கு மேலாக என் வேலை. அவர் வயதில், நீச்சல் தெரியாமல் வந்தவர்கள் எத்தனையோ பேர். முகத்தைத் தண்ணீரில் வைத்து முதல் மீனைப் பார்த்ததும் குழாய்க்குள்ளேயே சத்தம் போட்டுவிடுவார்கள். அதைக் கேட்பதற்காகவே இந்த வேலையை விடாமல் செய்யலாம். டாக்டர் சரி என்றால் அவரும் பார்க்கட்டும்.

ஆனால் பார்ட்டியும் ஸ்நார்க்கலிங்கும் ஒரே படகில் வேண்டாம். காலையில் ஸ்நார்க்கலிங்குக்கென்று போகும் படகில் குடும்பத்தோடு போங்கள். பாட்டும் பாரும் வேண்டும் என்கிறவர்கள் வேறொரு நாள் மாலை, தண்ணீரில் இறங்காத சூரிய அஸ்தமனப் படகில் போய்க்கொள்ளட்டும். செலவு கொஞ்சம் கூடும்தான். ஆனாலும் இரண்டு படகிலும் போனவர்கள் எல்லோரும் சந்தோஷமாகத் திரும்புவார்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அரூபாவின் காற்றுதான் காரணம். அந்தத் தீவில் வருடம் முழுக்கக் கிழக்கிலிருந்து காற்று வீசும். நம் கடலோடிகள் கொண்டல் என்பார்களே, அந்தக் கீழ்க்காற்று. கிழக்குக் கரையில் அலை அடித்து நொறுக்கும். ஹோட்டல்கள் இருக்கும் மேற்குக் கரையோ குளம்போலத் தெரியும். பாம் பீச்சில் நின்று பார்த்தால் இதில் என்ன ஆபத்து என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் பக்கத்தில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கை ஓய்ந்து சும்மா மிதப்பவரை அலை கரைக்குத் தள்ளாது. காற்று மெதுவாக வெளியே கொண்டுபோகும். அதிலும் டிசம்பர் பாதியிலிருந்து கரீபியன் முழுக்கக் காற்று வலுக்கும், படகுக்காரர்கள் கிறிஸ்துமஸ் காற்று என்றே சொல்வார்கள். நீங்கள் போவது சரியாக அந்த வாரத்தில்.

இந்தத் தண்ணீரில் இரண்டு கிளாஸ் ரம் பஞ்ச் குடித்தவர் இறங்கினால், தான் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. ஒருமுறை, கரீபியனில் வேறொரு தீவில், நானும் ஒரு பயணியாகப் போன படகில் ஏறியதுமே கிளாஸை நீட்டினார்கள். முதல் நிறுத்தத்தில் நாற்பது பேர் இறங்கினோம். தண்ணீரில் படகுக்காரர் ஒரே ஒருவர். கொஞ்ச நேரத்தில் ஒருவர் தலை மட்டும் மேலே தெரிய, கையை வீசாமல், சத்தமும் போடாமல், வாயை மேலே தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மூழ்குகிறவர் பெரும்பாலும் இப்படித்தான் இருப்பார். கத்துவதற்கு மூச்சு மிச்சம் இருக்காது. பக்கத்தில் இருந்ததால் நான் பிடித்தேன். மேல்தளத்தில் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது, அங்கே இருந்த யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து எந்தப் படகாக இருந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, பாரை எப்போது திறப்பீர்கள் என்பதுதான்.

கடைசி ஸ்நார்க்கல் நிறுத்தம் முடிந்த பிறகுதான் என்று பதில் வந்தால் மேலே பேசலாம். அரூபாவில் அப்படி நடத்துகிற படகுகளும் உண்டு, ஏறியதும் ஊற்றுகிற படகுகளும் உண்டு. விளம்பரப் படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. போன் செய்து கேளுங்கள். அப்படியே இன்னும் இரண்டு மூன்று விஷயங்களையும் கேட்டுவிடுங்கள். படகு எத்தனை பேர் கொள்ளும் என்று கேட்காமல், அன்றைக்கு எத்தனை பேரை ஏற்றுவீர்கள் என்று கேளுங்கள். பயணிகளோடு தண்ணீரில் எத்தனை ஊழியர்கள் இறங்குவார்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தண்ணீரில் எவ்வளவு நேரம் கிடைக்கும், இதையும் கேளுங்கள். நான்கு மணி நேரப் பயணம் என்று போட்டிருப்பார்கள், அதில் தண்ணீருக்குள் இருப்பது மொத்தம் ஒன்றேகால் மணி நேரம்கூட இருக்காது. அது தப்பில்லை, உங்கள் மாமனாருக்கு அதுவே தாராளம். ஆனால் ஒரு நிறுத்தத்துக்குப் பதினைந்து நிமிடம்தான் என்றால் அவர் மாஸ்க்கைச் சரிசெய்து முடிப்பதற்குள் மேலே ஏறச் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று ஏணி. யாரும் கேட்க மாட்டார்கள், நீங்கள் கேளுங்கள். பழைய பாய்மரக் கப்பல் மாதிரி கட்டிய படகுகள் பார்க்க அழகு, கயிற்றில் தொங்கிக் கடலில் குதிக்கலாம், உங்கள் 14 வயதுப் பிள்ளைக்குச் சொர்க்கம். ஆனால் அவற்றில் ஏறி வரப் பெரும்பாலும் செங்குத்தான ஏணிதான் இருக்கும். படகு ஆடும்போது அந்த ஏணி தண்ணீரில் ஏறி இறங்கும். முழங்கால் வலி உள்ளவரால் முடியாது. கேட்டமரான் என்ற இரட்டை உடல் படகுகளில் இரண்டு உடலுக்கும் பின்னால் அகலமான படி தண்ணீர்வரை இறங்கும். ஆட்டமும் குறைவு. உங்களுக்குக் கேட்டமரான்தான் சரி. ஏறும்போது முதலில் ஏணியைப் பிடித்துக்கொண்டு, காலில் மாட்டியிருக்கும் நீச்சல் துடுப்பை, அதாவது ஃபின்னை, தண்ணீரிலேயே கழற்றி ஊழியர் கையில் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் அலை தூக்கும் நேரம் பார்த்துக் காலை வைக்க வேண்டும். ஃபின்னோடு படி ஏற முயன்றுதான் நிறையப் பேர் சறுக்கி விழுகிறார்கள்.

மதியப் பயணம் வேண்டாம், காலையில் கிடைக்கிற முதல் படகை எடுங்கள். டிசம்பர் கடைசியில் தலைநகர் ஒரன்யெஸ்தாத்தில் பெரிய உல்லாசக் கப்பல்கள் வரிசையாக நிற்கும். அவற்றிலிருந்து இறங்கும் கூட்டமும் இதே நிறுத்தங்களுக்குத்தான் வரும். துறைமுகத்துக்கு எந்தத் தேதியில் எத்தனை கப்பல் என்ற அட்டவணையை இணையத்தில் பார்க்கலாம். கப்பல் குறைவாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுத்தால் அதே காசுக்கு இரண்டு மடங்கு கடல் கிடைத்த மாதிரி.

சரி, என்னதான் பார்க்கப் போகிறீர்கள்? அரூபாவில் பெரும்பாலான படகுகள் ஆன்ட்டில்லா என்ற கப்பல் சிதைவின் மேல் நிற்கும். ஜெர்மன் சரக்குக் கப்பல் அது, கிட்டத்தட்ட 400 அடி நீளம். 1940 மே 10-ஆம் தேதி ஜெர்மனி நெதர்லாந்துக்குள் புகுந்தபோது, டச்சு ஆட்சியில் இருந்த அரூபாவில் டச்சு வீரர்கள் அதைக் கைப்பற்ற வந்தார்கள். கைக்குக் கிடைக்கக் கூடாது என்று கேப்டனே மூழ்கடித்துவிட்டார். இப்போது ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. அடிப்பகுதி 18 மீட்டர் ஆழத்தில் இருக்கும், மேல்பக்கமோ மேலிருந்து பார்க்கிறவருக்கே கைக்கு எட்டுவதுபோல நெருங்கி வரும். இரும்பு முழுக்கக் கடற்பஞ்சும் பவளமும். மஞ்சளில் கறுப்புப் பட்டை போட்ட சார்ஜன்ட் மேஜர் மீன்கள் கூட்டமாக உங்களைச் சுற்றி வரும்.

ஆனால் நீச்சல் தெரியாதவருக்கு ஆன்ட்டில்லா முதல் நிறுத்தமாக இருக்கக் கூடாது. கரையை விட்டுத் தள்ளி, ஆழமாக, காற்றுக்கு நேராக இருக்கும் இடம் அது. கீழே இருட்டாக ஒரு பெரிய கப்பல் தெரிந்தால் சிலருக்கு மூச்சு வேகமாகிவிடும். போக்கா கத்தலீனா என்ற சின்ன வளைகுடா அப்படியில்லை. ஆழம் குறைவு, அடியில் மணல், கரை கண் முன்னால். அங்கே அசையாமல் மிதந்தால் கிளிமீன் பாறையைக் கொறிக்கும் சத்தம் காதில் கேட்கும், வறுத்த கடலையைக் கடிப்பது போல. உங்கள் 9 வயதுப் பிள்ளையிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், மீனைத் தேடுவதைவிடச் சத்தத்தைத் தேடும். போக்கா கத்தலீனாவில் முதலில் நிறுத்தி அப்புறம் ஆன்ட்டில்லா போகும் படகு கிடைத்தால் அதையே எடுங்கள். வரிசை மாறியிருந்தால், ஆன்ட்டில்லாவில் நீங்களும் மாமனாரும் மேல்தளத்திலிருந்தே பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்குங்கள். கப்பலைத் தொடாதீர்கள். அதில் நெருப்புப் பவளம் வளரும், பட்டால் சுரீர் என்று எரிந்து தடித்துவிடும்.

மாஸ்க் விஷயத்தில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். முதல் அனுபவம் கசப்பாகப் போவதற்குப் பாதிக் காரணம் மாஸ்க்குக்குள் தண்ணீர் ஒழுகுவதுதான். படகில் கொடுத்ததும் பட்டையை மாட்டாதீர்கள். முடியை ஒதுக்கிவிட்டு மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சுங்கள், கையை எடுங்கள். கீழே விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் அளவு. விழுந்தால் வேறு கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பட்டையை இறுக்கினால் ஒழுகாது என்று நினைப்பது தப்பு, இறுக்க இறுக்க ஓரம் மடங்கி இன்னும் ஒழுகும். மாமனாருக்கு மீசை இருந்தால் மூக்குக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குக் கத்தரித்துவிடுவது நல்லது; சம்மதிக்காவிட்டால் லேசாக வாசலின் தடவலாம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் என்றால் பவர் வைத்த ஸ்நார்க்கல் மாஸ்க் அமெரிக்காவிலேயே ஆன்லைனில் கிடைக்கும், கிளம்புவதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள். முந்தின நாள் ஹோட்டல் நீச்சல் குளத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, முகத்தை மட்டும் உள்ளே வைத்து வாயால் மூச்சு விடப் பழகட்டும். பத்து நிமிடம் போதும். மறுநாள் கடலில் அவர் வேறு ஆளாக இருப்பார்.

முகம் முழுக்க மூடும் புது வகை மாஸ்க் அவருக்கு வேண்டாம். வாயில் குழாயைக் கடிக்க வேண்டாம் என்பதால் வயதானவர்களுக்கு வசதி என்று விற்கிறார்கள். தண்ணீர் புகுந்தாலோ பதற்றம் வந்தாலோ வாயிலிருந்து குழாயைத் துப்பிவிடுவது போல அதைச் சட்டென்று கழற்ற முடியாது. பழைய மாதிரி மாஸ்க்கும் தனிக் குழாயுமே நல்லது.

மாமனாரின் உடல்நிலை பற்றி. கிளம்பும் முன் அவருடைய டாக்டரிடம், ஸ்நார்க்கலிங் என்ற சொல்லைச் சொல்லியே கேளுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற எல்லோரும் கடலில் இறங்கக் கூடாது என்றில்லை. ஆனால் ஸ்நார்க்கல் மரணங்களைப் பற்றி ஹவாயில் ஒரு ஆய்வு நடந்தது. சிலருக்குக் கடல் தண்ணீரை விழுங்காமலேயே நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டியிருக்கிறது. இதயக் கோளாறு, இறுக்கமான குழாய் வழியே சிரமப்பட்டு மூச்சை இழுப்பது, அதோடு உடலை வருத்தி நீந்துவது, இவை சேரும்போது ஆபத்து கூடுகிறது என்று அந்த ஆய்வு சொல்கிறது. அதனால் அவருக்கு ஒரே விதி: மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே முகத்தைத் தூக்கி, குழாயைத் துப்பி, மல்லாந்து மிதந்து கையை உயர்த்த வேண்டும். கொஞ்சம் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. ஃபின்னை உதைத்துக்கொண்டு தூரமாகப் போகவே வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டை நன்றாக ஊதிப் போட்டுக்கொண்டு, ஊழியர் பிடித்திருக்கும் வட்ட மிதவையில் கை வைத்து, படகின் பின்பக்கத்திலேயே மிதக்கட்டும். முதல் முறை வருகிறவர்களுக்கு மிதவையோடு ஒரு ஆள் கிடைப்பாரா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத படகை விட்டுவிடுங்கள், மற்ற எல்லாம் பிரமாதமாக இருந்தாலும்.

நீச்சல் தெரிந்தவர்கள் படகை விட்டு நீந்திப் போகும்போது முதலில் காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்றோடு படகுக்கு வரட்டும். தெம்பு குறைந்த நேரத்தில் காற்று அவர்களுக்கு உதவும்.

மீதியெல்லாம் சின்ன விஷயங்கள். ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீனுக்கு அரூபாவில் 2020 ஜூலையிலிருந்து தடை, பவளத்துக்குக் கெடுதல் என்பதால். ஜிங்க் ஆக்சைடு போட்டது வாங்குங்கள். அதைவிட எல்லோருக்கும் முழுக்கை நீச்சல் சட்டை நல்லது, ஏனென்றால் குப்புற மிதக்கும்போது முதுகும் முழங்காலுக்குப் பின்பக்கமும்தான் வெந்துபோகும். காற்று அடிப்பதால் சுடுவதே தெரியாது. படகில் தரும் மதிய உணவு பெரும்பாலும் கோழி சாண்ட்விச் மாதிரிதான். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், சொன்னாலும் பிள்ளைகளுக்கு ஒரு டப்பா சப்பாத்தி ரோல் கையில் இருக்கட்டும். வாந்தி மாத்திரை போடுவதென்றால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். மாமனார் சாப்பிடும் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்று அதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஊழியர்களுக்கு டிப்ஸ் 15 முதல் 20 சதவீதம், டாலராகவே கொடுக்கலாம். மாமனாரோடு கூடவே மிதந்த ஊழியருக்குத் தனியாகக் கையில் கொடுங்கள்.

தேதி மட்டும் கடைசி நாளுக்குத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது நாள் காலைக்குப் பதிவு செய்யுங்கள். அந்த வாரத்தில் காற்று அதிகமாகிப் பயணம் ரத்தானால், பணம் திரும்ப வருமா அல்லது வேறு நாள் மாற்றித் தருவார்களா என்பதைப் பதிவுக்கு முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்று நாள் தருகிற படகாக இருந்தால், அதற்கென்று ஒரு காலைப்பொழுதை வேறு எந்த ஏற்பாடும் இல்லாமல் காலியாக வைத்திருங்கள்.