இரசாயனத் தாக்கங்களின் சக்தி, வேகம், சமநிலை: வாசகர் கேள்விகளுக்கு ஆசிரியரின் பதில்கள்

கேள்வி (உயர்தர மாணவி, கிளிநொச்சி): விறகு எரிவது புறவெப்பத் தாக்கம் என்றால், நெருப்பு வைக்காமல் அது ஏன் எரிவதில்லை?

பதில்: தாக்கம் வெப்பத்தை வெளிவிடுமா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது வேறொரு கேள்வி. பழைய பிணைப்புகள் தளர்வதற்குரிய ஏவற்சக்தியை முதலில் தீக்குச்சி கொடுக்கிறது. பின்னர் எரிதலில் வெளிவரும் வெப்பமே அதைக் கொடுக்கிறது.

கேள்வி (விவசாயி, முரசுமோட்டை): யூரியாவைத் தண்ணீரில் கரைத்தால் வாளி குளிர்கிறது. வெப்பத்தை உறிஞ்சும் செயல் எப்படித் தானாக நடக்கிறது?

பதில்: உயர்தர வகுப்பில் எவரும் என்னிடம் கேட்காத நல்ல கேள்வி. 60 கிராம் யூரியா, அதாவது ஒரு மூல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகு), கரையும்போது ஏறத்தாழ 15 கிலோயூல் வெப்பத்தை நீரிலிருந்து எடுக்கிறது. ஆயினும் பளிங்கில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த மூலக்கூறுகள் நீரெங்கும் பரவுவதால் எந்திரப்பி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கூடுகிறது. அந்த ஆதாயம் வெப்பச் செலவை மிஞ்சிவிடுவதால் யூரியா தானாகவே கரைகிறது.

கேள்வி (மாணவன், முல்லைத்தீவு): வெப்பநிலை 10 பாகை கூடினால் தாக்கவீதம் இரட்டிக்கும் என்பது விதியா?

பதில்: விதியன்று, ஏவற்சக்தியைச் சொல்லாமல் இதை எழுதும் விடைக்கு நான் முழுப் புள்ளி வழங்குவதில்லை. 25 பாகை செல்சியசிலிருந்து 35 பாகைக்குச் செல்லும்போது மூலக்கூறுகளின் சராசரி இயக்கசக்தி ஏறத்தாழ 3 சதவீதமே கூடுகிறது. ஆனால் தாக்கத்தை நடத்துபவை, ஏவற்சக்தியைத் தாண்டும் அளவுக்குச் சக்தி பெற்ற மிகச் சிறு பகுதி மூலக்கூறுகளே. ஏவற்சக்தி மூலுக்கு 50 கிலோயூலாயின் அப்பகுதி கிட்டத்தட்ட இரட்டிக்கிறது. 100 கிலோயூலாயின் ஏறத்தாழ 3.7 மடங்காகிறது.

கேள்வி (மாணவி, வவுனியா): அமோனியா உண்டாவது புறவெப்பத் தாக்கம், குளிரில்தானே விளைவு கூடும்? தொழிற்சாலையில் ஏன் 450 பாகையளவில் சூடாக்குகிறார்கள்? ஊக்கி போதாதா?

பதில்: ஒரு மூல் நைதரசன் மூன்று மூல் ஐதரசனுடன் தாக்கமுற்று இரண்டு மூல் அமோனியாவைத் தருகையில் ஏறத்தாழ 92 கிலோயூல் வெளிவருகிறது, ஆகவே லே சாட்டிலியர் தத்துவப்படி (சமநிலை, தன்மீது செய்யப்படும் மாற்றத்தை எதிர்க்கும் பக்கம் நகரும்) தாழ்ந்த வெப்பநிலையே சாதகமானது. ஆனால் நைதரசனின் மும்மைப் பிணைப்பு மிக வலியது. அறைவெப்பநிலையில் இரும்பு ஊக்கி இருந்தாலும் தாக்கம் பயன்படும் வேகத்தில் நடவாது. ஊக்கி முன்தாக்கத்தையும் பின்தாக்கத்தையும் ஒருசேர விரைவாக்குகிறதே தவிர, இறுதியில் எவ்வளவு விளைவு கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் சமநிலை மாறிலியைத் தொடுவதில்லை. எனவே வெப்பத்தால் வேகத்தை வாங்கி, அதனால் இழந்த விளைவை 200 வளிமண்டல அளவிலான அமுக்கத்தால் ஓரளவு மீட்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு பங்கே அமோனியாவாகிறது. அதைக் குளிர்வித்துத் திரவமாகப் பிரித்துவிட்டு, எஞ்சிய வாயுவைத் திரும்ப அனுப்புகிறார்கள். ஜெர்மன் இரசாயனவியலாளர் ஏபர் கண்ட இவ்வழியை அவரது நாட்டவரான பொஷ் தொழிற்சாலை அளவுக்கு வளர்க்க, 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் உற்பத்தி தொடங்கியது. முரசுமோட்டை வாளியிலுள்ள யூரியாவும் அமோனியாவிலிருந்தும் காபனீரொட்சைட்டிலிருந்தும் வந்ததே.

கேள்வி (இல்லத்தரசி, மல்லாவி): கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலில் வெள்ளையாகப் படிவது என்ன? எப்படிப் போக்கலாம்?

பதில்: பெரும்பாலும் கல்சியங்காபனேற்று. நீரில் கரைந்துள்ள கல்சியமிருகாபனேற்று, காபனேற்றுடனும் காபனீரொட்சைட்டுடனும் சமநிலையில் இருக்கிறது. கொதிக்கையில் வாயு வெளியேறிக்கொண்டே இருப்பதால் சமநிலை படிவின் பக்கம் நகர்கிறது. வினாகிரி விட்டு ஊறவைத்தால் படிவு குமிழிகளோடு கரையும். குமிழிகள் நின்றபின் இன்னும் கொஞ்சம் வினாகிரி விட்டுப் பாருங்கள். மீண்டும் குமிழிகள் எழுந்தால் தீர்ந்தது அமிலம்தான், படிவன்று.