சைக்கிள் ஓட்டும்போது ஸ்மார்ட்வாட்ச் காட்டும் இதயத் துடிப்பை நம்பலாமா?

மேட்டில் மூச்சு வாங்க மிதிக்கும்போது வாட்ச் 120 என்கிறது, உச்சியைத் தாண்டிய பிறகுதான் 160-க்குத் தாவுகிறது, வாட்ச் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பழுது இல்லை.

மணிக்கட்டு வாட்ச் பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வரும் ஒளி எப்படி மாறுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. அந்த ஒளியில் கை ஆட்டமும் கலந்துவிடும் என்பதால் சில வினாடிகளின் சராசரியை எடுத்துத்தான் எண்ணைக் காட்டும், அதனால் சீராக மிதிக்கும்போது சரியாக இருப்பது திடீர் ஸ்பிரிண்டில் பின்தங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்குகிறோம், ரோட்டு அதிர்வு வேறு. குளிரில் தோலுக்கு ரத்தம் குறைந்தால் இன்னும் மோசம்.

மார்புப் பட்டை இதயத்தின் மின் சமிக்ஞையையே பிடிப்பதால் மாற்றத்தைச் சீக்கிரம் காட்டும். ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1980-களிலேயே விற்ற சாமான்தான், இன்றும் அதை மிஞ்சுவது கஷ்டம். தோலில் படும் மின்முனைகளை நனைத்துக் கட்டுங்கள், காய்ந்திருந்தால் முதல் சில நிமிடம் கன்னாபின்னாவென்று காட்டும். பட்டை பிடிக்காதா, சரி, மேல்கையில் கட்டும் ஒளி சென்சார் மணிக்கட்டைவிடத் தேவலை.

அப்புறம் ஒன்று, இதயமே தாமதமாகத்தான் ஏறும். 15 வினாடி ஸ்பிரிண்ட் முடிந்த பிறகும் துடிப்பு கொஞ்ச நேரம் கூடிக்கொண்டு போகலாம், அதற்கு எந்தக் கருவியும் பொறுப்பில்லை. அவ்வளவு குறுகிய முயற்சியை அளக்க, நாம் மிதிக்கும் சக்தியையே நேராக அளக்கும் பவர் மீட்டர்தான் வேண்டும், விலைதான் கொஞ்சம் கடிக்கும்.